கண்ணாடித் தொட்டிக்குள் கடல்



பெர்லினில் மூத்த மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன் என்று எழுதியதும், "சார், பெர்லின் சுவரைப் பற்றி ஒரு பதிவு போடுங்கள்" என்று பலர் கேட்டீர்கள். சுவர் எங்கும் போய்விடாது, அதாவது போயே போய்விட்டது, அதனால் அவசரம் இல்லை. இன்று ஒரு மீன் தொட்டியைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. பதிவு நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என் பேரனுக்கு 16 வயது. அவன் அறையில் 200 லிட்டர் உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறான். நம்மூர்க் கடைகளில் பார்க்கும் தங்கமீன் தொட்டி இல்லை. உள்ளே உயிருள்ள பவளங்கள். ஒன்று காளான் மாதிரி, ஒன்று கைவிரல் மாதிரி, ஒன்று மான்கொம்பு மாதிரி. அந்த மான்கொம்பு, அவன் போய்வரும் மீன் வளர்ப்போர் வட்டத்தில் ஒரு பெரியவர் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒடித்துக் கொடுத்தது. இரண்டு வருஷத்தில் உள்ளங்கை அளவுக்கு வளர்த்திருந்தான். பள்ளி விட்டு வந்தால் முதலில் அதன் முன்னால் போய் நிற்பான். பிறகுதான் சாப்பாடு.

அவர்கள் எல்லோரும் பத்து நாள் இத்தாலி போனார்கள். முழங்கால் வலியால் நான் போகவில்லை. கிளம்பும் முன் ஒரு குட்டி ஸ்பூனைக் காட்டி, "தாத்தா, நாளைக்கு ஒரு தடவை. இதுல பாதி. அவ்வளவுதான். அதுக்கு மேல வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கோமாளி மீன்கள் இரண்டும் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வாசலில் வந்து கரையும் காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய கை. காலையில் ஒரு ஸ்பூன், மத்தியானம் ஒரு ஸ்பூன், ராத்திரி தூங்கப் போகும் முன் ஒரு ஸ்பூன். எட்டாம் நாள் பாறையெல்லாம் பச்சையாக மெல்லிய ரோமம் போலப் பாசி படர்ந்தது. பார்க்க அழகாக இருந்தது என்றுகூட நினைத்தேன். ஐப்பசி மழைக்குப் பிறகு குளத்துப் படிக்கட்டு இருக்குமே, அந்த மாதிரி.

வந்தவன் தொட்டியைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டுகள் விட்டு நிறம் பார்த்தான். நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம், பாஸ்பேட் 0.6. பவளத் தொட்டிக்கு நைட்ரேட் ஒற்றை இலக்கத்திலும் பாஸ்பேட் 0.1-க்குக் கீழும் இருந்தால்தான் நல்லது என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "சாரி தாத்தா, ஃபுட் டப்பாவை நான் எடுத்து வெச்சிட்டுப் போயிருக்கணும்" என்றான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மனசு கேட்காமல் அந்தப் பாசி எப்படி வருகிறது, இதை முதலில் யார் சமாளித்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். வரலாற்று வாத்தியாருக்கு வேறு என்ன தெரியும்? எதைக் கொடுத்தாலும் அதன் பூர்வீகத்தைத் தேடிப் போகிற புத்தி.

முதலில் ஒரு பெண்மணி. அன்னா தைன். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் துணை டீனாக இருந்த ஒரு பாதிரியாரின் மனைவி. 1846-இல் டார்க்கி கடற்கரைக்குப் போனபோது சின்னச் சின்னக் கல் பவளங்களை எடுத்து, வழியில் உருண்டு அடிபடாமல் இருக்க ஊசி நூலால் ஒரு பெரிய கடற்பஞ்சில் தைத்து, ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல் எங்கே, லண்டன் எங்கே. தண்ணீர் கெட்டுப்போகாமல் இருக்க என்ன செய்தார் தெரியுமா? தினமும் திறந்த ஜன்னலோரம் நின்று அரை மணி, முக்கால் மணி நேரம் அந்தத் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாம் டீ ஆற்றுவது போல. ஆற்றியது அம்மையார் இல்லை, வீட்டு வேலைக்காரப் பெண். அந்தப் பெண்ணின் பெயரை நான் படித்த எதிலும் காணவில்லை. உலகின் முதல் கடல் மீன்தொட்டிக்கு மூச்சுக் கொடுத்த கை அது. அடுத்த வருஷம் தைன் அம்மையார் கடற்பாசிகளையும் தொட்டிக்குள் வைத்துப் பார்த்தார். பவளங்கள் வருஷக்கணக்கில் உயிரோடு இருந்தன, குட்டியும் போட்டன.

அதே லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு வேதியியலாளர். 1849-இல் ஒரு கண்ணாடித் தொட்டியில் நன்னீர் ஊற்றி, இரண்டு தங்கமீன், வாலிஸ்னீரியா என்ற நீர்ச்செடி, கொஞ்சம் மண், கல் போட்டு வைத்தார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுக்கும், செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுக்கும், கணக்கு நேர் என்று நினைத்தார். சில நாள் நன்றாகத்தான் போனது. பிறகு செடியின் பழைய இலைகள் அழுக ஆரம்பித்தன. தண்ணீர் கலங்கியது. கண்ணாடி முழுக்கப் பச்சைப் படலம். என்ன செய்வதென்று யோசித்து, ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து போட்டார். அழுகிய இலையையும் பச்சைப் படலத்தையும் நத்தை தின்றது. தண்ணீர் தெளிந்தது. 1850-இல் இதை லண்டன் வேதியியல் சங்கத்தில் சொன்னார்.

மாணவர்களே, இதை ஒரு முறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். மீன்தொட்டி பிறந்தபோதே பாசித் தொல்லையும் கூடவே பிறந்துவிட்டது. முதல் மருந்தும் அப்போதே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. என் பேரனின் தொட்டியில் இன்றும் இருபது நத்தை இருக்கிறது.

கண்ணாடிக்கு இருந்த வரியை இங்கிலாந்து 1845-இல் நீக்கியிருந்தது. கண்ணாடி மலிவு, ரயில் வந்தாயிற்று, கடற்கரைக்குப் போய்வருவது சுலபம். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்கள் பார்க்க மீன் மாளிகை ஒன்று திறந்தார்கள். 1854-இல் ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் 'தி அக்வேரியம்' என்று அழகான வண்ணப் படங்களோடு ஒரு புத்தகம் போட்டார். அவ்வளவுதான், நடுத்தர வர்க்கத்து வீடுகளில் எல்லாம் தொட்டி. விடுமுறைக்குப் போனவர்கள் சுத்தியும் உளியுமாகப் பாறைகளை உடைத்து அள்ளிக்கொண்டு வந்தார்கள். காஸின் மகன் எட்மண்ட், 1907-இல் வெளிவந்த தன் நினைவுநூலில், தான் சிறுவயதில் பார்த்த அந்தப் பாறைக் குட்டைகள் அப்படியே சூறையாடப்பட்டுவிட்டன என்று வருந்தி எழுதுகிறார். அப்பாவின் புத்தகமும் அதற்கு ஒரு காரணம் என்பது அவருக்குத் தெரியும்.

வீடுகளுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பாலானவை செத்துப்போயின. ஜன்னலோர வெயிலில் தொட்டி பச்சைக் குழம்பாகும், பிறகு நாறும். 1860களின் கடைசியில் மோகம் வடிந்துவிட்டது. ஒரு மனிதர் மட்டும் காரணத்தைப் பிடித்தார்: வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டு. லண்டனில் கடல் உயிர்கள் விற்கும் கடை வைத்திருந்தவர். 1864-இல் ஹாம்பர்க் காட்சிசாலையையும், 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் காட்சிசாலையையும் வடிவமைத்தார். கிரிஸ்டல் பேலஸில் மக்கள் பார்க்கும் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய தண்ணீர்த் தேக்கம் ஒன்றை இருட்டில், தரைக்குக் கீழே வைத்து, நீராவி இயந்திரத்தால் இரண்டுக்கும் இடையில் தண்ணீரை ஓயாமல் சுற்றவிட்டார். வெளிச்சம் பட்டால்தானே பாசி? பாதிக்கு மேற்பட்ட தண்ணீரை இருட்டிலேயே வைத்துவிட்டார். இன்றும் பெரிய தொட்டிகளுக்குக் கீழே அலமாரிக்குள் இன்னொரு தொட்டி ஒளிந்திருக்கிறதே, அதற்குத் தாத்தா இதுதான்.

ஆனால் வெளிச்சத்தை மறைப்பது பாதி மருத்துவம். பாசி எதைத் தின்று வளர்கிறது என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்த விடை மீன்தொட்டிக்காரர்களிடமிருந்து வரவில்லை, மண்ணையும் சாக்கடையையும் ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது. 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர், கழிவுநீரில் இருக்கும் அம்மோனியா மண்ணின் வழியாகப் போகும்போது நைட்ரேட்டாக மாறுவது ஏதோ உயிரின் வேலை என்று காட்டினார்கள். குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினால் அந்த மாற்றம் நின்றுபோனது. உயிராக இருந்தால்தானே மயங்கும்? 1890-இல் சூரிச்சில் வினோகிராட்ஸ்கி அந்த பாக்டீரியாக்களைத் தனியாகப் பிரித்தெடுத்தார்.

என் ஒரு ஸ்பூன் உணவுக்கு என்ன ஆனது என்று இப்போது சொல்கிறேன். மீன் தின்றது. தின்றதில் பெரும்பகுதி அம்மோனியாவாகவும் கழிவாகவும் வெளியே வந்தது. தின்னாமல் விட்டது அழுகி, அதுவும் அம்மோனியா ஆனது. அம்மோனியா மீனுக்கு விஷம். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கின. நைட்ரேட் அவ்வளவு விஷம் இல்லை, மீன் பிழைத்தது. ஆனால் நைட்ரேட்டும், உணவிலிருந்த பாஸ்பரஸும் எங்கே போகும்? கடலில் என்றால் அலை கொண்டுபோகும். தொட்டிக்கு வாசலே இல்லை. போட்டது எல்லாம் உள்ளேயே இருக்கும். வயலுக்கு நாம் போடும் யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் போலத்தான். பத்து நாள் நான் அந்தத் தொட்டிக்கு உரம் போட்டிருக்கிறேன்.

பவளப்பாறை இருக்கும் கடல் பளிங்கு போலத் தெளிவாக இருப்பதற்குக் காரணம் அதில் சத்து இல்லாததுதான். சத்தே இல்லாத தண்ணீரில் இவ்வளவு உயிர்கள் எப்படி என்பது டார்வின் காலத்துப் புதிர். பவளத்தின் சதைக்குள் நுண்ணிய பாசி உயிர்கள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கும், பவளத்தின் கழிவை உரமாக எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள்ளேயே சுழலும் வரவு செலவு. அதாவது பவளம் பாசிக்குப் பகையே இல்லை, பாசியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் அது பிழைக்கிறது. வெளியே வளரும் பாசிதான் அதை மூடிக் கொல்லும்.

அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் 1934 முதல் ஆராய்ந்து ஒரு கணக்குச் சொன்னார். கடலின் நுண்ணுயிர்களில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் ஏறக்குறைய 106-க்கு 16-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. இந்த மூன்றில் பாஸ்பரஸ்தான் கொஞ்சம், ஆனால் அது இல்லாமல் எதுவும் நடக்காது. சாம்பாரில் உப்பு மாதிரி. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் கடைசியில் மறுபடி வரும்.

மீன்தொட்டிக்காரர்களுக்கு அம்மோனியாவே பெரிய எதிரியாகத் தெரிந்தது, ஏனென்றால் அது உடனே கொல்கிறது. அதனால் அடுத்த பல பத்தாண்டுகள் அவர்கள் செய்ததெல்லாம் பாக்டீரியாவுக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான். கூழாங்கல்லுக்கு அடியில் வடிகட்டி, பிறகு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விழவைக்கும் வடிகட்டி. 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் ஹாலந்து நாட்டுப் பாணியில் அமைந்த இந்தச் சொட்டு வடிகட்டிகளைப் பற்றி ஓர் அமெரிக்க இதழில் தொடர் எழுத, வீட்டிலேயே சின்னப் பவளப்பாறை என்ற ஆசை அமெரிக்கா முழுக்கப் பரவியது. அம்மோனியா பூஜ்யம். மீன்கள் ஜோர். ஆனால் அந்த வடிகட்டி ஒரு நைட்ரேட் ஆலை. இரவு பகலாக உற்பத்தி. ஆறு மாதம் பவளம் சிரிக்கும், பிறகு முடிப்பாசி மூடும்.

இத்தனைக்கும் பதில் கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்திருந்தார். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். 1961-இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் அவர் கட்டுரை வந்தது. வடிகட்டியே வைக்கவில்லை. கடலிலிருந்து உயிருள்ள பாறைத் துண்டுகளை ஈரம் காயாமல் கொண்டுவந்து வைத்தார். உயிர் மணல், நல்ல கடல்நீர், வெயில், மெல்லிய காற்றுக் குமிழ், அவ்வளவுதான். பாறையின் மேற்புறத்தில் ஆக்சிஜன் உண்டு, அங்கே அம்மோனியா நைட்ரேட்டாகும். பாறையின் ஆழத் துளைகளில் ஆக்சிஜன் இல்லை, அங்கே வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வெளியே விட்டுவிடும். வாசல் இல்லாத தொட்டிக்கு ஒரு ஜன்னல் கிடைத்தது. கடற்கரை ஊர்க்காரர் என்பதால் அவருக்கு இது கைவந்தது. குளிர் நாட்டவர்களுக்குப் பாறை வந்து சேர்வதற்குள் அதிலுள்ள உயிர் பாதி செத்து, அதுவே அம்மோனியா மூட்டையாகிவிடும்.

இங்கேதான் பெர்லின் வருகிறது. சுவர் நின்றுகொண்டிருந்த காலத்திலேயே மேற்கு பெர்லினில் கடல்மீன் வளர்ப்போர் சிலர் கூடி ஒரு முறையை உருவாக்கினார்கள். டீட்ரிஷ் ஸ்டூபர் என்ற பெயர் எல்லோரும் சொல்வது. அவர்கள் சொட்டு வடிகட்டியைத் தூக்கி எறிந்தார்கள். நல்ல உயிர்ப்பாறை, பலமான வெளிச்சம், பலமான நீரோட்டம், கூடவே நுரை எடுக்கும் ஒரு குழாய். புரோட்டீன் ஸ்கிம்மர் என்பார்கள். கடலோரத்தில் அலை அடித்து அடித்து மஞ்சள் நுரை ஒதுங்கும், பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். ஒரு குழாய்க்குள் நுண்ணிய குமிழிகளை விட்டால், அழுக்குப் புரதங்கள் குமிழியில் ஒட்டி மேலே ஏறிக் கிண்ணத்தில் வழியும். அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்னாலேயே அழுக்கை எடுத்துவிடுகிறோம், அதுதான் சூட்சுமம். என் பேரன் அந்தக் கிண்ணத்தைக் கழுவும்போது வீட்டில் யாரும் பக்கத்தில் போவதில்லை. அப்படி ஒரு நாற்றம்.

பீட்டர் வில்கென்ஸ் என்ற இன்னொருவர் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். பூசணி மிட்டாய் செய்யப் பூசணித் துண்டை ஊறவைப்பார்களே, அதே தெளிநீர். பவளம் எலும்பு கட்ட சுண்ணாம்புச் சத்து கிடைக்கும், கூடவே தண்ணீரிலுள்ள பாஸ்பேட்டில் கொஞ்சம் திடமாகப் படிந்து விலகும் என்று கண்டார்கள். ஸ்டூபரின் மான்கொம்புப் பவளம் இப்படியே வளர்ந்து, துண்டு துண்டாக ஐரோப்பா முழுக்கக் கைமாறியது. பவளத்தைக் கடலிலிருந்துதான் பிடுங்க வேண்டும் என்ற நிலைமை மாற ஆரம்பித்தது அங்கேதான். வாழைக்கன்று கொடுப்பது போல வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள்.

அதே சமயம் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்து வால்டர் ஏடி நேர் எதிராக ஒன்று செய்தார். பாசியை ஏன் விரட்டுகிறீர்கள், அதற்குத் தனி வயல் கொடுத்து அறுவடை செய்யுங்கள் என்றார். கரீபியன் பவளப்பாறைகளில் அலை மோதும் இடத்தில் புல்தரை போல வளரும் குட்டைப் பாசி எவ்வளவு வேகமாகச் சத்தை உறிஞ்சுகிறது என்று அளந்தவர் அவர். தனித்தட்டில் வலை விரித்து, வாளி கவிழ்வது போல அலை அலையாகத் தண்ணீர் விழவைத்து, விளக்குப் போட்டால் வலையில் பாசி செழிக்கும். வாரம் ஒரு முறை சுரண்டி எடுத்துவிட்டால், அந்தச் சத்து தொட்டியை விட்டுப் போய்விட்டது. 1980-இல் அங்கே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இந்த முறையில் ஓடும் பவளத் தொட்டியை மக்கள் பார்வைக்கு வைத்தார். அரிசோனா பாலைவனத்தில் 1991-இல் எட்டுப் பேரை உள்ளே வைத்துப் பூட்டிய பயோஸ்பியர் 2 கண்ணாடிக் கூடத்தின் செயற்கைக் கடலுக்கும் இதே முறைதான். அங்கே அது போதவில்லை. உள்ளே இருந்தவர்கள் தாங்களே மூழ்கிப் பாசியைக் கையால் களை பறித்தார்கள்.

பெர்லின்காரர்களும் ஏடியின் ஆதரவாளர்களும் பத்து வருஷம் பத்திரிகைகளில் அடித்துக்கொண்டார்கள். வடகலை தென்கலை தோற்றது. என் கட்சி எது என்று கேட்டால், ஏடி. அழுக்கு என்று நாம் நினைப்பதற்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்து வேலை வாங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. பேரன் பெர்லின் கட்சி. ஊரும் அதுதான்.

இப்படி வளர்த்த பாசி ஒன்று வெளியே தப்பிப்போன கதையும் உண்டு. கவுலர்பா டாக்ஸிஃபோலியா. பார்க்கப் பெரணி இலை மாதிரி, பளிச்சென்ற பச்சை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் காட்சிசாலைத் தொட்டிகளில் செழித்த வகை, வேறு காட்சிசாலைகளுக்கும் கொடுத்தார்கள். 1984-இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் கீழே, மத்தியதரைக் கடலில், ஒரு சதுர மீட்டர் அளவுக்கு அது வளர்ந்திருப்பதைப் பார்த்தார்கள். அப்போதே பிடுங்கியிருக்கலாம். விட்டுவிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரவியது. 2000-இல் கலிபோர்னியாவின் ஒரு காயலில் அதைப் பார்த்ததும் அவர்கள் யோசிக்கவே இல்லை. தார்ப்பாய் போட்டு மூடி உள்ளே குளோரின் செலுத்தி, ஆறு வருஷம் கண்காணித்து ஒழித்தார்கள்.

தொட்டியில் நடந்தது கடலிலும் நடந்திருக்கிறது. ஹவாயின் கனியோஹி வளைகுடாவில் பல வருஷம் நகரக் கழிவுநீரை விட்டார்கள். பச்சைக் குமிழ் போன்ற ஒரு பாசி பவளத்தை மூடிக் கொன்றது. 1977, 78-இல் குழாயை ஆழ்கடலுக்குத் திருப்பிவிட்டதும் தண்ணீர் தெளிந்தது, பவளம் மீண்டும் துளிர்த்தது. பார்த்தீர்களா, சத்துதான் குற்றவாளி என்றார்கள் ஒரு சாரார். ஜமைக்காவில் வேறு விதம். 1980-இல் பெரும் புயல். 1983-இல் பனாமா கால்வாய் வாயில் பக்கம் தொடங்கிய ஏதோ நோய், கரீபியன் கடல் முழுவதும் நீண்ட முட்களுள்ள கறுப்புக் கடல் முள்ளெலிகளை ஒரே வருஷத்தில் ஏறக்குறைய துடைத்து எடுத்தது. ராத்திரி முழுக்கப் பாசி மேய்கிற பிராணி அது. பாசி தின்னும் மீன்களை ஏற்கெனவே மனிதர்கள் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். ஜமைக்காவில் கடலடியில் பவளம் மூடியிருந்த பரப்பு 1977-இல் 52 சதவீதம், 1993-இல் 3 சதவீதம். பாசி 4 சதவீதத்திலிருந்து 92 சதவீதம். மேய்கிறவன் போனதுதான் காரணம் என்றார்கள் இன்னொரு சாரார். இரண்டும் உண்மைதான். வாரிங்டன் தன் தொட்டியில் நத்தையைப் போட்டாரே, கரீபியன் கடலில் அந்த நத்தை செத்துப்போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில், வாணிபத்துக்கென்று கொண்டுவந்து வளர்த்த கப்பாபைகஸ் என்ற கடற்பாசி, உயிர்ப்பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் பவளம் வளர்க்க ஆசைப்பட்டால், வேண்டாம். நம் நாட்டில் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ, பவளத்துக்கும் அதுவே.

இனி பேரன் கதைக்கு வருகிறேன். நான் ஊருக்குக் கிளம்பி வந்த பிறகு அவன் முழு மூச்சாகச் சத்தைக் குறைக்க ஆரம்பித்தான். தண்ணீர் மாற்றினான். பாஸ்பேட்டை ஈர்த்துப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு குருணையைச் சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு போட்டான். முதல் மூன்று வாரம் ஒன்றும் அசையவில்லை. சோதனையில் பாஸ்பேட் குறைவாகக் காட்டும், பாசி மட்டும் வளரும். "தாத்தா, டெஸ்ட் கிட் பொய் சொல்லுதா?" என்று வீடியோ காலில் கேட்டான். பொய் இல்லை. பாஸ்பேட் பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் குறையக் குறையப் பாறை திருப்பிக் கொடுக்கும். கொடுத்த கையோடு பாசி வாங்கிக்கொள்ளும். பாதி கடன் பாறையிடம், பாதி பாசியின் வயிற்றில். தண்ணீரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பிறகு ஒரு நாள் பாசி முழுக்கப் போயிற்று. நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். படம் எடுத்து அனுப்பினான். தும்பைப்பூ மாதிரி வெள்ளை மணல். நானும் கைதட்டும் பொம்மையை அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அடுத்த படம். மணல் முழுக்கப் பழுப்புச் சளி, அதில் காற்றுக் குமிழ்கள். நத்தைகள் கவிழ்ந்து கிடந்தன. டைனோஃப்ளாஜெல்லேட் என்ற வகை நுண்ணுயிராம். சில வகை விஷம் கக்கும். மற்ற பாசிகள் பட்டினியில் செத்த இடத்தில் போட்டியில்லாமல் அது குடியேறுகிறது. மான்கொம்புப் பவளம் வெளுத்துப் போயிருந்தது.

வெளுத்ததற்குக் காரணம் ரெட்ஃபீல்டின் அந்த ஒன்று. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்க் வீடன்மான் குழுவினர் பவளங்களைத் தொட்டிகளில் வளர்த்துப் பார்த்து, 2012-இல் ஆய்வை வெளியிட்டார்கள். நைட்ரேட் இருந்து பாஸ்பேட் கிடைக்காமல் போனால், பவளத்துக்குள் குடியிருக்கும் பாசி சரியாக உடம்பு கட்ட முடியாமல் தடுமாறுகிறது, வெப்பமும் வெளிச்சமும் கொஞ்சம் ஏறினாலே பவளம் வெளுக்கிறது. 150 வருஷமாக வெளியே தள்ளப் பாடுபட்ட அதே பாஸ்பேட், ஒரு துளி இல்லாவிட்டால் வீட்டுக்குள் இருப்பவன் பட்டினி. பேரன் தொட்டியில் இரண்டுமே பூஜ்யம். அதனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, படத்திலேயே தெரிந்தது.

அன்று அவன் அழுதான். அம்மாவிடம் காட்டிக்கொள்ளவில்லையாம், என்னிடம் அழுதான். "நீங்க கூட ஜாஸ்தி ஃபுட் போட்டீங்க தாத்தா, ஆனா ஒண்ணும் சாகல. நான்தான் கொன்னுட்டேன்." நான் தைன் அம்மையாரையும் வாரிங்டனையும் சொல்லிப் பார்த்தேன். 16 வயதுப் பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல வரலாறு உதவாது. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரும்புக் குருணையை எடுத்துவிட்டான். விளக்கை மூன்று நாள் அணைத்து வைத்தான். வட்டத்துப் பெரியவர் தன் தொட்டியிலிருந்து ஒரு கல்லும், ஒரு கை மணலும், அதிலுள்ள பூச்சி புழுக்களோடு கொடுத்தாராம். லீ சின் எங்கின் மருந்துதான். பழுப்புச் சளி இன்னும் மூலையில் கொஞ்சம் இருக்கிறது. நேற்றைய அளவு நைட்ரேட் 6, பாஸ்பேட் 0.05. மான்கொம்பில் ஏழு கிளை செத்துப் பச்சைப் பாசி பிடித்துவிட்டது. இரண்டு கிளையின் நுனியில் மட்டும் ஊதா நிறம் திரும்பியிருக்கிறது. அவற்றை வெட்டித் தனியாக ஒட்டியிருக்கிறான்.

மீன்களுக்கு இப்போது தினம் இரண்டு வேளை உணவு. சத்து குறையாமல் இருக்க வேண்டுமாம். போனை வைக்கும் முன் கேட்டான்: "தாத்தா, நீங்க அப்ப ஒரு வேளைக்கு எவ்வளவு போட்டீங்க? ஸ்பூன் தலைதட்டியா, குவிச்சா?"

குவித்துத்தான் என்று சொன்னேன்.

"அப்ப நான் தலைதட்டிப் போடறேன்" என்றான்.

பெர்லின் சுவர் அடுத்த மாதம். பின்னூட்டத்தில் உங்கள் பேரன் பேத்திகள் என்ன வளர்க்கிறார்கள் என்று எழுதுங்கள்.